உலகநாதனுக்குக் கேட்காத சத்தம்

ஜெயா வேனை ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி வந்து, "அண்ணே, கேக்குதா?" என்றாள்.

உலகநாதன் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தபடி வேனை நெருங்கினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி நின்றார். குத்தாலம் வட்டாரத்தில் டிராக்டரோ வேனோ காரோ வைத்திருக்கிற எல்லாருக்கும் அந்த நிற்பு தெரியும். அவர் அப்படி நின்றுவிட்டு நிமிர்ந்தால் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்.

"கேக்குது, கேக்குது" என்றார்.

அவருக்குக் கேட்கவில்லை. இன்ஜினின் தடதடப்பு கேட்டது. கடைத்தெருவில் பஸ் போவது கேட்டது. ஜெயா சொன்ன கீச்சுச் சத்தம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது.

உலகநாதனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பதினைந்து வயதில் மாயவரத்தில் ஒரு டிராக்டர் பட்டறையில் சேர்ந்தவர். கிரைண்டருக்கும் சம்மட்டிக்கும் நடுவில் பதினோரு வருஷம் கிடந்துவிட்டு, கல்யாணமானதும் குத்தாலத்துக்கே வந்து தகரக் கொட்டகை போட்டார். ஒருமுறை ரோட்டில் போன டாக்டரின் காரைக் கைகாட்டி நிறுத்தி, "சார், ரெண்டாவது சிலிண்டர் சரியா வேலை செய்யல" என்று சொன்னார். திறந்து பார்த்தால் அது அப்படியே இருந்தது. அதிலிருந்து பெயர் பரவியது. வேண்டுமென்றே வண்டியைத் தூரத்தில் நிறுத்தி அவரைச் சோதித்துப் பார்ப்பவர்கள் இருந்தார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. பக்கத்துக் கடையில் வெல்டிங் வேலை பார்த்த தங்கையனுக்குக் காது மந்தம். "டமாரம்" என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததே உலகநாதன்தான். தங்கையன் இறக்கிறவரை தெரு முழுக்க அந்தப் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில்தான் உலகநாதனுக்குத் தன் காது மேல் சந்தேகம் வந்தது. வாய்க்காலில் தவளை கத்துவது கேட்டது. சுவர்க்கோழி கத்தவில்லை. இந்த வருஷம் பூச்சி மருந்து அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். பிறகு செல்போன் மணி கேட்கவில்லை. அதை அதிர்வில் வைத்து, சட்டைப்பையில் நெஞ்சோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். பேச்சு கேட்டது, பாட்டு கேட்டது. மெல்லிசாக, உயரமாக வருகிற சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. யாரிடமும் சொல்லவில்லை. தங்கையனுக்குச் செய்ததைத் தனக்குச் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஜெயா விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். "காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்தாகூடப் பரவால்லண்ணே. ஓடிக்கிட்டே இருக்கும்போதும் கேக்குது. ஆக்சிலேட்டர் கொடுத்தா கூடுது. நேத்துலேருந்து நிக்கவே இல்ல."

அந்தச் சொல்லே போதும். காலையில் ஈரத்தில் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கினால் அது பெல்ட் வழுக்குவது. ஓடுகிற நேரமெல்லாம் விடாமல் கத்தினால், பெல்ட் ஓடுகிற ஏதோ ஒரு புல்லியின் பேரிங் வறண்டிருக்கிறது. உலகநாதன் இதை நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு, கேட்கிற மாதிரி நிற்பதிலேயே அவர் புத்தி இருந்தது. ஜெயா சொன்னதையும் அவர் கேட்கவில்லை.

ரைஸ்மில் ராஜசேகர் தன் கார் ரெடியாகட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பார்த்தால் அரைமணி நேரம் ஆகும். காதே வேண்டாம், விரலுக்கே தெரிந்துவிடும். ஆனால் கழற்றிப் பார்த்தால் இவருக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். உலகநாதன் இன்ஜினை அணைக்கச் சொன்னார். சோப்புக் கட்டியை எடுத்து வந்து பெல்ட்டின் உள்வரிகளில் தேய்த்தார். திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"இப்ப எப்படி?"

ஜெயா பானெட் பக்கம் குனிந்தாள். "குறைஞ்சிருக்கு. ஆனா போகலண்ணே. அடியில மெல்லிசா இழுக்குது."

"அது உன் காதுல இழுக்குதும்மா" என்றார் உலகநாதன். ராஜசேகர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்து, "நீ ஸ்டீரிங்க ஒழுங்கா புடிச்சி ஓட்டு, போதும். இன்ஜின நான் பாத்துக்கிறேன்" என்றும் சொன்னார்.

ஜெயா முகம் சுருங்கிப்போனது. வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அது புதன்கிழமை.

ஜெயாவின் புருஷன் வெற்றிசெல்வன் குவைத்தில் இருந்தான். அந்த வேன் இருவரும் சேர்ந்து யோசித்து வாங்கியது. வயல் வேலைக்குப் போகிற பெண்களை விடியலில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவாள். சம்பா நடவு நேரத்தில் ஒரு நாள்கூட வண்டி நிற்காது. நடவுக் கோஷ்டிக்குத் தலைவி அம்சம். அறுபதை நெருங்குகிறவள். எந்த வயலில் எத்தனை ஆள் இறங்க வேண்டும் என்பதைக் கரையில் நின்று ஒரு பார்வை பார்த்தே சொல்லிவிடுவாள். டிரைவருக்குப் பக்கத்து சீட் எப்போதும் அவளுடையது.

வெள்ளிக்கிழமை காலை, திருவிடைமருதூர் பக்கம் நடவுக்குப் போகும்போது, ஆற்றுக் கரை ரோட்டின் வளைவில் ஜெயாவின் கையில் ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. முழு பலம் போட்டுத் திருப்பினாள். பாதிதான் திரும்பியது. வேன் கரையை விட்டு இறங்கி, முந்தின நாள் நட்ட வயலுக்குள் பாய்ந்து பக்கவாட்டில் சாய்ந்தது. உள்ளே பதினொரு பேர். சேறு ஆழமாக இருந்ததால் உயிர் தப்பியது. பலருக்குச் சிராய்ப்பு. அம்சத்துக்கு மட்டும் வலது மணிக்கட்டு உடைந்தது.

மத்தியானம் டிராக்டரில் கட்டி வேனை உலகநாதனின் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். கூடவே கூட்டமும் வந்தது. ஜெயாவும் வந்தாள். சுடிதாரில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"ஸ்டீரிங் திரும்பலைங்க" என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"திரும்பலையா, நீ திருப்பலையா?" என்று ஒரு குரல் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ராஜசேகர் முன்னால் வந்தார். "ஏம்ப்பா உலகநாதா, ரெண்டு நாளு முன்னாடிதான நீ பாத்த? வண்டில ஏதாவது கோளாறு உண்டா?"

பானெட்டை உலகநாதன் இன்னும் திறக்கவில்லை. ஆனாலும் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பவர் ஸ்டீரிங்கின் பம்பைச் சுற்றுவதும் அந்தப் பெல்ட்தான். அது போனால் ஸ்டீரிங் கல்லாகும். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். ஜெயாவும் பார்த்தாள்.

"வண்டில ஒண்ணும் கோளாறு இல்லைங்க" என்றார். "நான்தான் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் என்ன" என்றார் ராஜசேகர். கூட்டம் கலைந்தது. ஜெயா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் ஏறிப் போனாள்.

எல்லாரும் போன பிறகு உலகநாதன் பானெட்டைத் திறந்தார். பெல்ட் கழன்று கிழிந்து ஒரு மூலையில் தொங்கியது. அதன் வரிகளில் அவர் தேய்த்த சோப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. பெல்ட்டைத் திருப்பிவிடுகிற சின்ன உருளை ஒன்று உண்டு. அதன் பேரிங் வெந்து நீலம் பாய்ந்து இறுகிக் கிடந்தது. விரலால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. புதன்கிழமை இதே விரலை வைத்துச் சுற்றியிருந்தால் மணல் போட்ட மாதிரி நறநறவென்று தெரிந்திருக்கும்.

அந்த உருளையைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, டூல் பெட்டியின் அடியில் வைத்தார். வைக்கும்போது வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்தது பின்னாளில் அவருக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. சொந்தக் கொட்டகையில் திருடனைப் போலப் பார்த்திருக்கிறார்.

புது உருளை, புது பெல்ட் போட்டு, நெளிசலைத் தட்டி, வண்டியைத் தயாராக்கினார். நாலாம் நாள் ஜெயா வந்தாள்.

"என்ன இருந்துச்சுண்ணே?"

"பெல்ட்டு. வயல்ல இறங்குனப்ப அறுந்துருக்கு."

அவள் தலையாட்டினாள். "நான்தான் வளைவுல பயந்துட்டேன் போல. எத்தன தடவ யோசிச்சாலும் ஸ்டீரிங் இறுகுனாப்லதான் ஞாபகம் இருக்கு. பயத்துல அப்படித் தோணும்னு அவுங்களும் குவைத்துலேருந்து போன்ல சொல்றாங்க. வண்டிய வித்துரச் சொல்றாங்க." பிறகு, "அன்னைக்கு சத்தம் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு உங்கள வேற தொந்தரவு பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றாள்.

உலகநாதன் வண்டிக்கு அடியில் ஏதோ பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார். அவள் முகத்தைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "இருக்கட்டும். வாங்குறவங்க வந்தா இங்கேயே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்து போனாள்.

அதற்குப் பிறகு வேன் ஷெட்டில் நின்றது. நடவுப் பெண்கள் யாரோ ஒருவரின் லோடு ஆட்டோவில் மாட்டை ஏற்றுகிற மாதிரி நின்றுகொண்டு போனார்கள். காலையில் அந்த ஆட்டோ ஷெட்டைத் தாண்டும்போது உலகநாதன் உள்ளே போய்விடுவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அம்சத்தைப் பார்த்தார். கையில் மாவுக்கட்டு. நடவு நேரத்தில் அந்தப் பெண்பிள்ளை வெள்ளைச் சேலை மாதிரி வெளுத்த கட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தது அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவர் எதிர்ப் பக்கமாகச் சுற்றி நடந்தார்.

சாப்பாடு இறங்கவில்லை. பத்தாம் நாள் சாயங்காலம் அவர் மனைவி நீலாம்பாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "என்னன்னு சொல்லப் போறீங்களா இல்லையா?" என்றாள்.

சொன்னார். காதிலிருந்து தொடங்கிச் சொன்னார். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது. நீலாம்பாள் ஆச்சரியப்படவில்லை.

"காது விஷயம் எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்" என்றாள். "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். நான் ஏன் உங்ககிட்ட வந்து மூஞ்சிக்கு நேரா நின்னு பேசறேன்னு நெனச்சீங்க?"

தான் மறைத்துக்கொண்டிருந்ததாக நினைத்ததை வீட்டில் ஒருத்தி தினமும் தூக்கிச் சுமந்திருக்கிறாள். உலகநாதன் எழுந்து கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"ஜெயாகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று பின்னால் வந்து நின்று கேட்டாள் நீலாம்பாள். தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்றுதான் கேட்டாள்.

மறுநாள் காலையில் துணியில் சுற்றிய உருளையை எடுத்துக்கொண்டு ஜெயாவின் வீட்டுக்குப் போனார். அவள் அம்சத்தின் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். அங்கே போனார். வாசலில் அம்சம் மணையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று ஜெயா அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட நாளிலிருந்து அந்த வேலையை ஜெயாதான் செய்கிறாள் போலிருக்கிறது. இடது கை ஒன்றை மட்டும் வைத்து யாருக்குத்தான் கொண்டை போட வரும்?

"வாங்க தம்பி" என்றாள் அம்சம்.

அவர் உட்காரவில்லை. துணியைப் பிரித்து உருளையைத் தரையில் வைத்தார். "இது அந்த வண்டிலேருந்து எடுத்தது. பேரிங் வெந்து இறுகிப் போயிருக்கு. அதாலதான் பெல்ட்டு கழண்டுச்சு, ஸ்டீரிங் நின்னுச்சு. ஜெயா மேல தப்பு இல்லைங்க. அவ சத்தம் கேக்குதுன்னு சொன்னா. எனக்குக் கேக்கல. எனக்கு அந்த மாதிரி சத்தமெல்லாம் ரெண்டு வருஷமா கேக்காது. கேக்குதுன்னு பொய் சொல்லிட்டேன்."

ஜெயாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்றதுக்கு என்ன தம்பி?" என்றாள் அம்சம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

"இத எப்ப கழட்டுனீங்க?" என்றாள் ஜெயா.

"வண்டி வந்த அன்னைக்கே."

"பதினோரு நாளு" என்றாள் ஜெயா. "பதினோரு நாளா நான் கைய காலப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன், அண்ணே. இந்தக் கைதான இந்த அக்கா கைய ஒடச்சுதுன்னு. உங்ககிட்ட வந்து மன்னிப்பு வேற கேட்டேன். நீங்க குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க."

"ஆமாம்மா."

"இங்க வந்து சொல்லிட்டாப் போதுமா? அன்னைக்கு ஷெட்டு வாசல்ல எத்தன பேரு நின்னாங்களோ, அத்தன பேருகிட்டயும் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே சொன்னார். கடைத்தெரு டீக்கடையில் ராஜசேகர் உட்பட ஆறேழு பேர் இருந்தார்கள். உருளையைப் பெஞ்சு மேல் வைத்துச் சொன்னார். காது என்ற சொல் வந்தபோது, "காதா? உனக்கா?" என்று ராஜசேகர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு உலகநாதனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜெயாவிடம் "நீ திருப்பலையா" என்று கேட்டவனும் அங்கே இருந்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். ராஜசேகரின் கார் அடுத்த வாரத்திலிருந்து வேறு பட்டறைக்குப் போயிற்று. இன்னும் சில வண்டிகளும் போயின. உலகநாதனுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் யாரையும் அவர் குறை சொல்லவில்லை.

ஜெயா வந்து சாவியை வாங்கிக்கொண்டு வேனை எடுத்துப் போனாள். விற்கவில்லை. ஆனால் வண்டி வேலைக்கு மாயவரத்தில் ஒரு பட்டறைக்குப் போக ஆரம்பித்தாள். அம்சத்தின் வைத்தியச் செலவை உலகநாதன் ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் நீலாம்பாள்தான் கூடப் போய்வந்தாள். கட்டுப் பிரித்தபோது எலும்பு நேராகச் சேரவில்லை. கட்டைவிரலை மடக்கி நாற்றைக் கிள்ளி ஊன்ற அந்தக் கையால் இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உலகநாதனின் காதையும் பரிசோதித்தார்கள். காகிதத்தில் வரைந்த கோடு, கனத்த சத்தங்களுக்கான இடது பக்கம் நேராகப் போய், மெல்லிய சத்தங்களுக்கான வலது பக்கம் கரை இடிந்த மாதிரி சரிந்திருந்தது. காது மெஷின் கொடுத்தார்கள். பேச்சு தெளிவானது. அந்தக் கீச்சு வரவில்லை. அதற்குப் பிறகு யார் வண்டி கொண்டுவந்தாலும் முதலிலேயே, "எனக்கு மெல்லிசு சத்தம் கேக்காதுங்க. எப்ப வருது, எப்ப போகுதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று சொன்னார். முதல் மாதம் அதைச் சொல்லும்போதெல்லாம் காதுமடல் சுட்டது.

பங்குனியில், உளுந்து பறிக்கிற நாளில், ஜெயாவின் வேன் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. வேலை முடிந்து திரும்புகிற பெண்கள் உள்ளே இருந்தார்கள். ஜெயா இறங்கி, "மாயவரத்துல பெல்ட்டு மாத்துனாங்க. ரெண்டு நாளா கிச்சு கிச்சுன்னு குருவி மாதிரி கத்துது. அவங்க கடை இன்னைக்கு லீவு" என்றாள். கடை லீவு என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

"விடாம கத்துதா, விட்டு விட்டா?"

"விட்டு விட்டு."

அவர் ஒரு குவளையில் தண்ணீர் எடுத்து வந்தார். "பெல்ட்டு மேல கொஞ்சம் ஊத்துறேன். என்ன ஆகுதுன்னு சொல்லு. கூடுனா பெல்ட்டு லூசு. மாறலைன்னா பேரிங். நின்னு திரும்ப வந்தா புல்லி கோணல்." ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கமாகத் தண்ணீரைச் சிந்தினார். அவள் வாயையே பார்த்தார்.

"நின்னுடுச்சு" என்றாள். சற்றுக் கழித்து, "வருது" என்றாள்.

இன்ஜினை அணைத்து, இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் படுக்கவைத்துப் பார்த்தார். டைனமோவின் புல்லி தீக்குச்சி கனத்துக்கு வெளியே நின்றது. மாட்டியவர்கள் ஒரு வாஷரை மாற்றிப் போட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்தால் போதும். ஆனால் உலகநாதன் பெல்ட்டையும் கழற்றினார். ஒவ்வொரு உருளையாக விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு ஜெயாவைக் கூப்பிட்டு அவளையும் சுற்றிப் பார்க்கச் சொன்னார். அவளும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். பெண்கள் இறங்கிப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

திரும்ப மாட்டி ஓடவிட்டார். ஜெயா இரண்டு பக்கமும் போய்க் குனிந்து பார்த்தாள். ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தாள்.

"சுத்தமா இல்ல" என்றாள். அண்ணே என்று சேர்க்கவில்லை.

பெண்கள் ஏறினார்கள். அம்சம் கடைசியாக வந்தாள். முன்சீட்டுக் கம்பியை வலது கையால் பிடிக்கப் போய், பிடி நிற்காமல், இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள். ஏறி உட்கார்ந்து அவர் பக்கம் திரும்பி, "வரட்டுமா தம்பி" என்றாள்.

உலகநாதன் தலையாட்டினார். வேன் ரோட்டில் ஏறிப் போனபின் குவளையை எடுத்துக் கழுவினார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை கழுவினார்.